அம்பாசடரும் மாட்டுக்கொட்டகை இன்ஜினும்

கேள்வி: அப்பா விட்டுப்போன 1967 மாடல் அம்பாசடர் மார்க் 2 வீட்டில் நிற்கிறது. 90-களில் அதில் டீசல் இன்ஜின் மாட்டிவிட்டார். ஆர்.சி. புக்கில் இன்னும் பெட்ரோல்தான். கழற்றிய பழைய இன்ஜின் மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது. வின்டேஜ் நம்பர் வாங்கி ஓட்டலாமா? கூரையை வெட்டி ஓபன் கார் ஆக்க வேண்டும் என்று மகனுக்கு வேறு ஆசை!
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: முதலில் மகனிடம் இருக்கும் கட்டிங் மெஷினை வாங்கி ஒளித்து வையுங்கள். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்துவிட்டது. கூரை போனால் எந்த ஆர்.டி.ஓ. ஆபீசிலும் உங்களுக்கு வேலை நடக்காது.

வின்டேஜ் விதி, அதாவது பழங்கால வண்டிகளைத் தனியாகப் பதிவு செய்யும் விதி, 2021-ல் வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், அது உங்களுக்குச் சரி. ஆனால் சேஸிஸ் (அடிச்சட்டம்), பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, அங்கேதான் டீசல் இன்ஜின் இடிக்கிறது. இடிக்காவிட்டாலும் நான் வின்டேஜ் பதிவைச் சிபாரிசு செய்ய மாட்டேன். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். அவ்வளவு கட்டியும் ரேலிக்கும் கண்காட்சிக்கும் பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும்தான் வண்டியை வெளியே எடுக்கலாம். குடும்பத்தோடு பழனிக்குப் போவதெல்லாம் அதில் சேராது.

ஓட்ட வேண்டும் என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பியுங்கள், ஐந்து வருஷத்துக்குக் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் படிவம் 31 போட்டு வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இன்ஜின் மாற்றினால் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்லியிருக்க வேண்டும், அப்பா சொல்லவில்லை, இப்போது பிரேக் இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறந்து நம்பரை ஒப்பிட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். நாளைக்கு விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் இதைத்தான் பிடித்துக்கொள்வார். அதனால் டீசலைப் பதிவு செய்ய அலைவதைவிட மாட்டுக்கொட்டகைக்குப் போய்ப் பழைய இன்ஜினைத் துடைத்து, அதிலிருக்கும் நம்பரும் ஆர்.சி. நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்று என்றால் நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து அதையே மாட்டிவிடுவதுதான் சுருக்கமான வழி. செலவு ஆகும்தான். ஆனால் பழைய மூன்றெழுத்து நம்பர் பிளேட் அப்படியே இருக்கும்.

அப்புறம், பெயின்ட் அடிக்கக் கொடுக்கும்போது சேஸிஸ் நம்பர் பக்கம் எமரி பேப்பரே போகக் கூடாது என்று ஒர்க்‌ஷாப் பையனிடம் கறாராகச் சொல்லிவையுங்கள். இன்ஸ்பெக்டர் அந்த நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும்போது நம்பர் விழாவிட்டால் மற்ற பேப்பர் எல்லாம் இருந்தும் பிரயோஜனமில்லை.