மட்டைக்கு முன் கால்கள்: ஐஸ் ஹாக்கி கேள்வி-பதில்

2025 இறுதியில் மதுரையில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்களைப் பார்த்ததிலிருந்து, பள்ளி ஹாக்கி அணியில் ஆடும் என் மகன் ஐஸ் ஹாக்கியும் கற்க வேண்டும் என்கிறான். மட்டை பிடிக்கத் தெரிந்தவனுக்கு அது எளிதில் வந்துவிடாதா?
– வாசகர், திருமங்கலம்

மட்டைப் பழக்கம் கட்டாயம் உதவும். ஆனால் ஸ்கேட்டிங் கைவந்த பிறகுதான் உதவும். தரையில் ஆடும்போது ஓடுவதைப் பற்றி அவன் யோசிப்பதே இல்லை என்பதால் கண்ணும் கையும் முழுமையாகப் பந்துக்குக் கிடைக்கின்றன. ஐஸில் கால் தடுமாறினால் பார்வை தானாகக் கீழே இறங்கிவிடும். அந்த நொடியில் சக வீரர் தள்ளிவிடும் பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) அவனைக் கடந்து போயிருக்கும். சுமார் 60 மீட்டர் நீளமுள்ள தளத்தில், களமிறங்கும் ஒவ்வொரு முறையும் முக்கால் நிமிடம் போல முழு வேகத்தில் பாய்ந்து, சட்டென நின்று, திரும்பி, எதிராளியின் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்கவும் வேண்டும். முதல் சில மாதங்கள் மட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வேன்.

பயிற்சியாளர்கள் ஓயாமல் பேசும் 'எட்ஜ்' என்பது என்ன?
– வாசகி, மேலூர்

ஸ்கேட்டின் பிளேடு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதன் அடிப்பகுதியை நடுவில் குழிவாகத் தீட்டுவதால், உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு கூரிய விளிம்புகள் உண்டாகின்றன. இவைதான் எட்ஜ். உள்விளிம்பை ஊன்றிப் பக்கவாட்டில் உந்தினால்தான் வேகம் பிறக்கும். ஓடுவதுபோல் நேராகப் பின்னுக்கு உதைத்தால் பிளேடு வழுக்கிவிடும். வெளிவிளிம்பைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். எங்கள் மாலைப் பயிற்சியில் சிமென்ட் தரையில் சாக்பீஸால் வட்டம் வரைந்து, சக்கர ஸ்கேட்டில் காலுக்கு மேல் கால் மாற்றிச் சுற்றச் சொல்வதுண்டு. இடப்புறமாகச் சுற்றும் குழந்தை இடது பாதத்தின் சுண்டுவிரல் பக்கம் முழு எடையையும் நம்பிக் கொடுக்கிற அன்று, வட்டத்தின் கோட்டை விட்டு அது விலகுவதே இல்லை. அந்த நாளுக்காக நான் ஒவ்வொரு குழந்தையிடமும் காத்திருக்கிறேன்.

என் மகளுக்கு 12 வயது. தாமதமாகிவிட்டதா?
– வாசகி, ஒத்தக்கடை

இல்லை. 2025 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய மகளிர் அணியினரில் பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்தவர்கள். அங்கு குளிர்காலத்தில் உறையும் குளங்களே பயிற்சிக் களங்கள். அந்த வாய்ப்பு இங்கில்லை என்பது மட்டுமே உங்கள் மகளுக்குள்ள குறை; வயது அல்ல.

மதுரை வெயிலில் சக்கர ஸ்கேட்டில் பழகினால் ஐஸில் பயன்படுமா?
– வாசகர், அண்ணா நகர்

முழங்காலை மடக்கி நிற்பது, உந்துவது, பின்னோக்கிச் செல்வது எல்லாமே பயன்படும். பெரிய சக்கரம் பூட்டிய வேகப் பந்தய ஸ்கேட்டைத் தவிர்த்து, இன்லைன் ஹாக்கிக்கு (ஒரே வரிசையில் சக்கரங்கள் பூட்டிய ஸ்கேட்டில் ஆடும் ஹாக்கி) உரியதை வாங்குங்கள். ஆனால் நிற்கும் முறை மட்டும் வேறு. ஐஸில் இரு பிளேடுகளையும் குறுக்காகத் திருப்பி, பனியைச் சீவியபடி நிற்கலாம். சிமென்ட் தரையிலோ சக்கரம் பிடித்துக்கொண்டு ஆளைத் தூக்கி எறியும். ஆகவே ஐஸ் தளம் உள்ள லடாக்கின் லேயிலோ டேராடூனிலோ ஐஸில் கால் வைக்கும் முதல் நாளை, கோல் கம்பத்தின் பக்கமே போகாமல், நிற்கப் பழகுவதற்கு மட்டும் ஒதுக்குங்கள்.