டைவிங் பை: ஈயத்தை இங்கிருந்து சுமக்காதீர்கள்

மார்ச் வந்தால் மலேசியாவின் தியோமான் தீவுப் பக்கம் கடல் தெளியும், இங்கே சிங்கப்பூரில் எல்லாருக்கும் பை கட்டும் ஜுரம் பிடிக்கும். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். காது வலிக்கு மட்டும் டாக்டரிடம் போங்கள்.

பொங்கோல் புதுசு: அக்கா, முதல்முறையா சொந்த செட் வாங்கப்போறேன். பாலிக்கு 20 கிலோ பெட்டிதான் எடுத்திருக்கேன். எதுல எடை குறைக்கலாம்?

தராசில் வைத்துப் பாருங்கள், கனம் இரண்டே இடத்தில்தான்: பிசிடி (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்), ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு). என் பழைய ஜாக்கெட் பிசிடி 4 கிலோவுக்கு மேல். இப்போது வைத்திருப்பது 2.4 கிலோ, முதுகில் கெட்டித் தகடு கிடையாது, பாய் மாதிரி சுருட்டலாம். பஞ்சு குறைந்தால் பிசிடி தானாக மிதப்பதும் குறையும், அமிழ்வதற்காக இடுப்பில் கட்டும் ஈயமும் கொஞ்சம் குறையும். கடையில் இதை யாரும் சொல்வதில்லை. ஃபினில் வெறுங்காலோடு நுழைக்கும் வகை லேசு. ஆனால் பாலியின் துலாம்பேனில் உருண்டைக் கல்மேல் நடந்துதான் கடலில் இறங்க வேண்டும், பூட் இல்லையென்றால் பாதம் கதறும்.

ரெகுலேட்டரில், அதாவது சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவியில், கிராம் எண்ணாதீர்கள். டைட்டானியம் லேசுதான்; ஆனால் 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் உள்ள காற்றுக்கு ஆகாது, விலையும் கண்ணைக் கட்டும். இன்னொன்று: டைவ் பண்ணிய உடம்பு உடனே உயரம் ஏறக் கூடாது, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் 18 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

தேக்கா: ரெகுலேட்டருக்குப் பின்னல் ஹோஸ் (காற்றுக் குழாய்) லேசா இருக்கே, மாத்தலாமா?

மாற்றலாம், ஆனால் வருஷா வருஷம் சர்வீஸில் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். சில பின்னல் ஹோஸ்களில் உட்குழாய் நாளடைவில் சிதைந்து, படிகம் கட்டிக் காற்றை அடைத்திருக்கிறது. வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும்.

செங்காங்: லைட்டோட பேட்டரி?

லித்தியம் உதிரி பேட்டரி கைப்பையில், முனையில் டேப் ஒட்டி. கத்தி பெட்டியில்.

ஈசூன்: ஞாயிறு மதியம் டைவ், ராத்திரி 10 மணி ஃப்ளைட். ஓகேவா?

இல்லை. 18.

ஜூரோங் பழசு: துணி பிசிடியெல்லாம் பொம்மை. நான் முதுகுல எஃகுத் தகடு வச்சிருக்கேன், 2.7 கிலோ. அந்த அளவுக்கு ஈயம் மிச்சம், கணக்கு சரியாப் போச்சு.

கணக்கு எங்கே சரியாகிறது அண்ணே? ஈயம் அங்கே படகிலேயே சும்மா கிடைக்கிறது. நீங்கள் அதே எடையை சாங்கி விமான நிலையத்தில் காசு கட்டி ஏற்றுகிறீர்கள்.

ஜூரோங் பழசு: ஈயம் இடுப்புல நழுவும். தகடு முதுகோட ஒட்டி நிக்கும், உடம்பு படுத்தாப்ல சமமா இருக்கும். நீங்க போட்டுப் பார்த்தீங்களா?

போட்டேன், நான்கு வருஷம். சமநிலை அருமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 29 டிகிரி தண்ணீரில் மெல்லிய சட்டையோடு இறங்கினால் தகடே தேவைக்கு மேல் கனமாகிவிடலாம். அவசரத்தில் ஈயத்தைக் கழற்றி விடலாம், தகட்டை விட முடியுமா?

பொங்கோல் புதுசு: அப்போ எனக்கு எவ்வளவு ஈயம் வேணும்னு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. டைவ் முடிவில் சிலிண்டரில் 50 பார் அழுத்தம் இருக்கும்போது, 5 மீட்டரில் பிசிடியை முழுக்கக் காலி பண்ணிவிட்டு நில்லுங்கள். மேலே இழுத்தால் ஈயம் போதாது, அமிழ்ந்தால் அதிகம். டைவ் தொடக்கத்தில் சோதித்து ஏமாறாதீர்கள்: அலுமினிய சிலிண்டர் காலியாகும்போது மிதக்க ஆரம்பிக்கும், கிட்டத்தட்ட 2 கிலோ வித்தியாசம்.

ஜூரோங் பழசு: அலுமினியத் தகடுன்னா?

அது முக்கால் கிலோ சொச்சம். அதற்கு நான் எதிரியே இல்லை அண்ணே, முதலிலேயே அதைச் சொல்லியிருக்கலாமே!

உட்லண்ட்ஸ்: தியோமானுக்கு பஸ், படகுதானே, எடை எதுக்கு?

மெர்சிங் ஜெட்டியில் பையை நீங்கள்தானே தூக்குவீர்கள்?

பாசிர் ரிஸ்: துலாம்பேன் டைவ் முடிச்சு அன்னிக்கே கிந்தாமணி போலாமா? ஃப்ளைட் இல்லியே.

கிந்தாமணி 1,500 மீட்டர் உயரம். உடம்புக்கு அதுவும் பறப்பது மாதிரிதான். மலையை முதலில் பாருங்கள், துலாம்பேனில் மூழ்கிக் கிடக்கும் கப்பலை அப்புறம்.

புக்கிட் பாத்தோக்: அக்கா, காலையில ஒரே ஒரு டைவ், 10 மணிக்குத் தண்ணிய விட்டு மேல வந்துடுவேன். ராத்திரி 11 மணி ஃப்ளைட்?

18 என்று மேலே இரண்டு முறை எழுதியாயிற்று. சரி, ஒரே ஒரு டைவ், டிகம்ப்ரஷன் (மேலே வரும் வழியில் கட்டாயமாக நிற்பது) இல்லை என்றால் 12 மணி நேரம் போதும். முந்தின நாள் இறங்கினீர்களா?

புக்கிட் பாத்தோக்: மூணு.

டிக்கெட்டை மாற்றுங்கள்.