ஒரே கட்டையில் செதுக்கினால் என்ன?

கேள்வி: அந்தக் காலத்து விமானங்களின் மர புரொப்பெல்லரைப் பலகைகளை அடுக்கி ஒட்டித்தான் செய்தார்களாமே? ஒரே கட்டையில் செதுக்கியிருக்கலாமே? – ஒரு தச்சரின் மகள், கும்பகோணம்.

பதில்: தச்சர் வீட்டுக் கேள்வி, கொஞ்சம் பயந்துகொண்டே எழுதுகிறேன். எங்கள் கொல்லைக் கதவு ஐப்பசியில் ஊதிக்கொண்டு சாத்த மறுக்கும். சித்திரையில் தாழ்ப்பாள் எட்டாது. ஒற்றைக் கட்டை புரொப்பெல்லருக்கும் இதே குணம்தான். கதவுக்கு இழைப்புளி போதும். ஆனால் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற புரொப்பெல்லர் இலை, அதாவது அதன் தகட்டுக் கை, லேசாக முறுக்கிக்கொண்டாலும் உதறல் எஞ்சினையே ஆட்டிவிடும். பலகைகளை மர ரேகை பார்த்து அடுக்கி, வஜ்ஜிரம் என்கிற தச்சர் பசையைக் காய்ச்சி ஒட்டினால், ஒன்று வளையப் பார்க்கும்போது பக்கத்துப் பலகை பிடித்துக்கொள்ளும். கிளை முளைத்த இடத்தில் முடிச்சாகக் கண் விழுந்த பலகையை முதலிலேயே கழித்தும் விடலாம்.

ரைட் சகோதரர்கள் 1903 விமானத்துக்கு இரண்டு புரொப்பெல்லர் செய்தார்கள். ஒவ்வொன்றும் எட்டரை அடி, ஸ்ப்ரூஸ் என்ற லேசான மரத்தில் மூன்று பலகை. கைக்கோடரியாலும் இரண்டு பக்கமும் பிடி வைத்த இழுப்புக் கத்தியாலும் செதுக்கியது. கப்பல் புரொப்பெல்லர் கணக்கைக் கடன் வாங்கலாம் என்று போனவர்களுக்கு, அங்கே அப்படியொரு கணக்கே இல்லை என்று தெரிந்தது. அப்புறம் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். நேரமாக ஆக, அவர் கட்சிக்கு இவரும் இவர் கட்சிக்கு அவரும் மாறியிருப்பார்கள்! கடைசியில் பிடிபட்டது இது: புரொப்பெல்லர் என்பது சுழன்றுகொண்டே முன்னேறும் இறக்கை.

பிரான்சில் லூசியன் ஷோவியேர் வால்நட் பலகைகளை அடுக்கிச் செய்தார். 1909 ஜூலை 25 அன்று பிரெஞ்சு விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியது ஷோவியேர் செய்த புரொப்பெல்லரில்தான். எனக்கு மிகவும் பிடித்தது, பின்னால் வந்த பித்தளை உறை. புல்லும் கல்லும் மழைத்துளியும் இலையின் ஓரத்தை அரிக்காமலிருக்க நுனியில் தகடு அடித்தார்கள். அதில் ஊசி நுழையும் அளவுக்குச் சில துளைகள். உள்ளே தங்கிய ஈரம் சுற்றுகிற வேகத்தில் அதன் வழியே தெறித்துப் போய்விடும்.

இலைகளின் எடை சமமா என்று பார்ப்பதும் தச்சு வேலைதான். நடுத்துளையில் தண்டைச் செருகித் தொங்கவிட்டு, எந்த இலை எடை குறைந்து மேலே எழும்புகிறதோ அதற்கு இன்னொரு கை வார்னிஷ். சரி, அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்: உங்கள் பட்டறையில் இன்னும் வஜ்ஜிரம் காய்ச்சுகிறீர்களா, ஃபெவிகால்தானா?