கஜானாவை நிரப்பிய கிழவர்: பேரரசர் அனஸ்தாசியுஸ் பற்றிக் கேள்வி பதில்

போன முறை ரோமப் பேரரசர் ஜஸ்டினியனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர், "இத்தனை போருக்கும், ஹாகியா சோஃபியா பேராலயத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். பதில் சொல்லப் போனால், அது ஜஸ்டினியனின் மாமா ஜஸ்டினையும் தாண்டி, அவருக்கும் முன்னால் ஆண்ட ஒரு கிழவரிடம் போய் நின்றது. இந்த முறை அவர் மட்டும்தான். முதலாம் அனஸ்தாசியுஸ், கி.பி. 491 முதல் 518 வரை கான்ஸ்டாண்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) இருந்து கிழக்கு ரோமப் பேரரசை ஆண்டவர். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மலைக்கோட்டை: அவர் ராஜ வம்சமும் இல்லை, தளபதியும் இல்லை. அறுபது வயதில் எப்படி அரியணை கிடைத்தது?

ஒரு பெண் கைகாட்டினார், கிடைத்தது. 491 ஏப்ரல் 9 அன்று பேரரசர் ஸீனோ வாரிசில்லாமல் இறந்தார். அவருடைய சகோதரர் லொங்கினுஸ், அடுத்தது தான்தான் என்று காத்திருந்தார். ஆனால் அவர்கள் இசௌரியர்கள். இன்றைய துருக்கியின் தெற்கு மலைகளைச் சேர்ந்தவர்கள். தலைநகர மக்களுக்கு அந்த மலைக்காரர்களைக் கண்டாலே ஆகாது. ஸீனோவின் மனைவி அரியாத்னே குதிரைப் பந்தயத் திடலில் வந்து நின்றபோது, ரோமர் ஒருவரைத்தான் உட்கார வைக்க வேண்டும், அவர் சரியான விசுவாசம் உள்ளவராக இருக்க வேண்டும் என்று கூட்டம் கத்தியது. அரியாத்னே சாதாரண ஆள் இல்லை. முந்தைய பேரரசர் லியோவின் மகள். அவர் தேர்ந்தெடுத்தது அரண்மனையில் 'சைலென்ஷியரி' வேலை பார்த்த ஒருவரை. பேரரசர் இருக்குமிடத்தில் அமைதியும் ஒழுங்கும் கெடாமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் அது. ஏப்ரல் 11-இல் முடி சூட்டினார்கள். மே 20-இல் அரியாத்னேயே அவரை மணந்துகொண்டார்.

கூட்டம் அவரைப் பார்த்து, "இதுவரை எப்படி வாழ்ந்தாயோ அப்படியே ஆட்சி செய்!" என்று கத்தியதாம். கை சுத்தமான ஆள் என்று ஊருக்குள் பெயர் இருந்திருக்கிறது. லொங்கினுஸை எகிப்துக்கு நாடு கடத்தினார். மலைக்காரர்கள் கிளர்ந்தார்கள், அந்தப் போர் 492-இல் தொடங்கி ஆறு வருடம்போல இழுத்தது.

சும்மா ஒரு சந்தேகம்: இரண்டு கண்ணும் இரண்டு நிறமாமே?

ஆமாம். ஒன்று கருப்பு, ஒன்று நீலம் என்கிறார்கள். 'திகோரோஸ்', இரு கண்மணியர், என்பது பட்டப்பெயர். பிறந்த ஊர் திராக்கியம். இன்றைய அல்பேனியாவின் துர்ரஸ்.

ஆடிட்டர் மாமா: இவர் ஏதோ ஒரு வரியை ஒழித்தார், மக்கள் ஆடிப் பாடினார்கள் என்று படித்திருக்கிறேன். வரியை ஒழித்த அரசனுக்குக் கஜானா நிரம்புமா? கணக்கு இடிக்கிறதே.

சார், இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

அந்த வரியின் பெயர் கிறிசார்கிரான், 'பொன்வெள்ளி' என்று பொருள். பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் வந்தது. நிலம் இல்லாமல் தொழில் செய்து பிழைக்கும் எல்லோர் தலையிலும் விழும். கடைக்காரர், தச்சர், செருப்புத் தைப்பவர், பாலியல் தொழில் செய்யும் பெண்கள், யாரும் தப்ப முடியாது. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால்கூடத் தாங்கலாம். இது நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக வந்து நிற்கும். அன்றன்றைக்குச் சம்பாதித்துச் சாப்பிடுகிறவன் கையில் அப்போது தங்கம் ஏது? பிள்ளைகளை விற்றுக் கட்டினார்கள் என்று பழைய ஆசிரியர் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார்.

498-இல் அனஸ்தாசியுஸ் இதை அடியோடு எடுத்தார். எதெஸ்ஸா என்ற ஒரே ஊர் (இன்றைய துருக்கியின் ஊர்ஃபா) நான்கு வருடத்துக்கு 140 ராத்தல் தங்கம் (ரோம ராத்தல் ஒன்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிலோ) கட்டிக்கொண்டிருந்தது. செய்தி வந்ததும் ஊரே வெள்ளை உடுத்தி, மெழுகுவர்த்தியும் தூபமும் ஏந்தி ஊர்வலம் போய், ஒரு வாரம் கொண்டாடியது. அந்தப் பகுதியில் எழுதப்பட்ட சிரியாக் மொழி நாட்குறிப்பில் இது இருக்கிறது.

பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. வரிப் பதிவேடுகளை எரித்தார். அதிகாரிகள் வீட்டுப் பரணில் நகல் வைத்திருப்பார்கள், நாளை வேறொரு ராஜா வந்தால் தூசு தட்டி எடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அவரும் அரண்மனை உத்தியோகஸ்தர்தானே. "அவசரப்பட்டு எரித்துவிட்டேன், வருமானம் போச்சே" என்று வருத்தப்படுவதுபோல் நடித்து, எங்கெங்கே காகிதம் மிச்சம் இருக்கிறதோ எல்லாவற்றையும் தேடிக் கொண்டுவரச் சொன்னார். ஆட்களும் விசுவாசமாகத் தேடிக் கொண்டுவந்து குவித்தார்கள். அதையும் எரித்து, சாம்பல் மேல் தண்ணீரையும் ஊற்றினார். சர்ச் வரலாற்றாசிரியர் எவாக்ரியுஸ் சொல்லும் கதை இது. கொஞ்சம் மெருகேற்றியிருப்பார், இருக்கட்டும்.

இழந்த வருமானத்தை ஈடுகட்ட, பேரரசரின் சொந்த நிலங்களிலிருந்து வரும் குத்தகையை ஒதுக்கினார். அதற்கென்று தனி அதிகாரியும் போட்டார். அதுபோக, தானியமாக வசூலித்த நிலவரியைப் பெரும்பகுதி தங்கமாக மாற்றினார். மூட்டை மூட்டையாகத் தானியம் வாங்கினால் வழியில் எலி தின்னும், அதிகாரியும் தின்பார். தங்கம் நேரே வந்து சேரும். வசூல் வேலையை ஊர்ப் பெரிய மனிதர்களிடமிருந்து பிடுங்கி 'விந்திக்ஸ்' என்ற மேற்பார்வையாளர்களிடம் கொடுத்தார். இந்த ஏற்பாட்டின் மூளை மரினுஸ் என்ற சிரியாக்காரர். இசௌரிய மலைக்காரர்களுக்கு வருடா வருடம் அள்ளிக் கொடுத்த தங்கமும் நின்றது.

பேட்டை வாத்தியார்: ரொம்பத்தான் புகழ்கிறீர்கள். அவர் காலத்து ஜனங்களும் இப்படித்தான் நினைத்தார்களா?

இல்லை சார். திடலில் அவருக்கு வைத்த இரும்புச் சிலையில் யாரோ பாட்டு எழுதி ஒட்டிவிட்டார்கள். உனக்கு இரும்பு போதும், வெண்கலத்தைவிட மலிவு, எங்களைப் பஞ்சத்திலும் வறுமையிலும் தள்ளியதற்கு இதுவே தகும் என்பது அதன் சாரம். மரினுஸின் வசூல்காரர்கள் ஊர்களைச் சுரண்டினார்கள் என்று அதே வரித்துறையில் வேலை பார்த்த ஜான் லிதுஸ் புலம்புகிறார். பட்டறைக்காரனுக்கு அவர் தெய்வம், உள்ளூர்ப் பண்ணையாருக்குப் பிசாசு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நமக்கு வந்து சேர்ந்த எழுத்தில் பெரும்பாலானது பட்டறைக்காரன் எழுதியது அல்ல.

காசுப்பிரியன்: 'எம்' எழுத்துப் போட்ட பெரிய செப்புக் காசு என்னிடம் ஒன்று இருக்கிறது. அது இவர் காலத்ததா?

வகை இவர் தொடங்கியது. பின்னால் வந்தவர்களும் நெடுநாள் அடித்தார்கள், அதனால் உங்கள் காசில் யார் பெயர் என்று பார்க்க வேண்டும். அந்த 'எம்' கிரேக்க எண். 40 என்று பொருள். 'கே' என்றால் 20, 'ஐ' என்றால் 10.

இதற்கு முன் மேலே தங்க சாலிடஸ், ஒரு ராத்தலுக்கு 72 காசு, நம் அரைப் பவுனுக்குக் கொஞ்சம் கூட எடை. கீழே நும்முஸ் என்ற பொட்டுப் போன்ற செப்புத் துண்டு. நடுவில் உருப்படியாக ஒன்றும் இல்லை. ஒரு பொற்காசை மாற்றினால் ஆயிரக்கணக்கில் நும்முஸ் எண்ணி வாங்க வேண்டும். எண்ண முடியாமல் பைகளில் கட்டி, பையாகவே கைமாற்றினார்கள். 498-இல் நிதியமைச்சர், பாஃப்லகோனியாவைச் சேர்ந்த ஜான், 40 நும்முஸ் மதிப்புள்ள ஃபோலிஸ் என்ற பெரிய செப்புக் காசைக் கொண்டுவந்தார். 512-இல் அதன் எடையை இரட்டிப்பாக்கினார்கள். காசு சேர்ப்பவர்கள் பலர் 'பைசாந்திய நாணயம்' என்ற அத்தியாயத்தையே இந்த 498-இல்தான் தொடங்குவார்கள்.

ஆடிட்டர் மாமா (மறுபடியும்): மொத்தம் எவ்வளவு விட்டுப் போனார்? ரொக்கமாகச் சொல்லுங்கள்.

3,20,000 ராத்தல் தங்கம். பொற்காசாக எண்ணினால் 2 கோடியே 30 லட்சத்துக்கு மேல். எடையில் நூறு டன்னைத் தாண்டும். 27 வருடத்துக்கு வகுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 12,000 ராத்தல் மிச்சம். 468-இல் லியோ, வட ஆப்பிரிக்காவைப் பிடித்திருந்த வாண்டல் இனத்தார்மேல் கப்பற்படை அனுப்பித் தோற்று, கஜானாவைத் துடைத்து வைத்த நாட்டில் இது. ஒரு எச்சரிக்கை: இந்தத் தொகையைச் சொல்பவர் ஜஸ்டினியன் காலத்து வரலாற்றாசிரியர் புரோகோப்பியுஸ். அதுவும் ஜஸ்டினியனைக் கிழித்துத் தொங்கவிட எழுதிய ரகசிய நூலில். 'இவ்வளவையும் கரைத்தான் பாவி' என்று காட்ட நினைப்பவர் தொகையைக் குறைத்துச் சொல்லமாட்டார்.

திருகோணமலைக்காரன்: அண்ணை, காஸ்மாஸ் எண்ட வணிகர் எங்கட இலங்கையைப் பற்றி எழுதியிருக்கிறாராமே. அதுக்கும் இவருக்கும் ஏதும் தொடர்பு இருக்கோ?

இருக்கு தம்பி. காஸ்மாஸ் அலெக்சாந்திரியாக்காரர், 550 வாக்கில் எழுதினார். சோபாத்ரோஸ் என்ற வணிகர் தப்ரபனேக்கு, அதாவது உங்கள் நாட்டுக்கு, போன கதையைச் சொல்கிறார். அதே சமயம் ஒரு பாரசீகரும் வந்திருக்கிறார். ராஜா இருவரையும் அழைத்து, உங்கள் அரசர்களில் யார் பெரியவர் என்று கேட்டார். பாரசீகர் முந்திக்கொண்டு அளந்தார். சோபாத்ரோஸ் பேசாமல் நின்றுவிட்டு, "இரண்டு அரசர்களும் இங்கேயே இருக்கிறார்கள், நீங்களே பாருங்கள்" என்று ரோமரின் பொற்காசையும் பாரசீக வெள்ளிக் காசையும் நீட்டினாராம். ராஜா தங்கத்தைப் பார்த்துவிட்டு, சோபாத்ரோஸை யானைமேல் ஏற்றி மேளத்தோடு ஊர்வலம் விட்டார். சோபாத்ரோஸ் இறந்து 35 வருடம் ஆகிறது என்கிறார் காஸ்மாஸ். கணக்குப் போட்டால் நம்மாள் ஆட்சிக்காலத்தை ஒட்டி வருகிறது. காட்டிய காசில் அவர் முகமே இருந்திருக்கலாம்.

ஆனால் இதே போன்ற கதையை ரோம எழுத்தாளர் பிளினி ஐந்து நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டார், அதனால் அப்படியே விழுங்க வேண்டாம். மண்ணுக்குள் கிடைப்பதும் வேறு: இலங்கையில் அகப்படும் ரோமக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை 4, 5-ஆம் நூற்றாண்டுச் சின்னச் செப்புக் காசுகள். தங்கம் அபூர்வம். அனஸ்தாசியுஸ் முடி சூடியபோது சிகிரியாவில் மன்னன் காசியப்பன் இருந்தான் என்பது கொசுறு.

வரலாறு எம்.ஏ.: 512 கலவரம் ஒரு பாட்டு வரிக்காகவா நடந்தது?

ஒரு வரிக்காகத்தான். பின்னால் அறுபது வருடப் புகைச்சல் இருந்தது. 451-இல் கால்சிடானில் கூடிய ஆயர்களின் சபை, கிறிஸ்துவில் தெய்வ இயல்பு, மனித இயல்பு இரண்டும் உண்டு என்று தீர்மானித்தது. எகிப்திலும் சிரியாவிலும் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. ஒரே இயல்பு என்றார்கள். இருவரையும் சமாதானப்படுத்த ஸீனோ 482-இல் 'ஹெனோடிகான்' என்று பட்டும் படாமலும் ஒரு கடிதம் வெளியிட்டார். ரோம் நகரப் பாப்பரசர் கோபித்துக்கொண்டு உறவை முறித்தார். 519 வரை ஒட்டவில்லை. அனஸ்தாசியுஸின் மனம் ஒரே இயல்புக் கட்சி. தலைநகரமோ கால்சிடான் கட்சி. முடி சூட்டும் முன்பே, கால்சிடானை மீறமாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கியிருந்த தலைமை ஆயர் யூஃபெமியுஸை 496-இலும், அடுத்தவர் மக்கெதோனியுஸை 511-இலும் பதவி நீக்கினார்.

512 நவம்பரில், "பரிசுத்த தேவன், பரிசுத்த வல்லவர், பரிசுத்த அமரர்" என்ற துதிப்பாட்டில் "எங்களுக்காகச் சிலுவையில் அறையப்பட்டவர்" என்ற அடியைச் சேர்த்துப் பாட வைத்தார்கள். பாட்டு கிறிஸ்துவை நோக்கியது என்றால் குற்றமில்லை. திரித்துவத்தை நோக்கியது என்றால், தேவனே செத்தார் என்று ஆகிவிடும். ஊர் பற்றி எரிந்தது. மரினுஸின் வீட்டைக் கொளுத்தினார்கள். அரியோபிந்துஸ் என்ற பிரபுவைப் பேரரசராக்கத் தேடினார்கள். மனிதர் ஓடி ஒளிந்துவிட்டார். கடைசியில் எண்பது வயதைத் தாண்டிய அனஸ்தாசியுஸ் கிரீடம் இல்லாமல் திடலில் வந்து நின்றார். முடி வேண்டாம், இறங்கத் தயார் என்றார். கூட்டம் அடங்கிப்போய், கிரீடத்தைப் போட்டுக்கொள்ளச் சொன்னது.

இதை மட்டும் வைத்து அவரைச் சாமர்த்தியசாலி என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த வருடமே, தலைநகருக்கு மேற்கேயுள்ள திரேஸில் விதாலியன் என்ற தளபதி படை திரட்டி, கால்சிடானுக்காக என்று தலைநகர் வாசல்வரை வந்தான். 515-இல் கடல் சண்டையில்தான் அவனை அடக்க முடிந்தது. காசில் அத்தனை கணக்குப் பார்த்தவர், ஜனங்களின் நம்பிக்கை விஷயத்தில் கணக்கைக் கோட்டைவிட்டார்.

மலைக்கோட்டை: பாரசீகப் போர்?

இங்கேயும் பணம்தான். மன்னர் கவாத் தன் கடனை அடைக்க அனஸ்தாசியுஸிடம் பணம் கேட்டார், இவர் மறுத்தார். 502-இல் கவாத் படையோடு வந்து, மூன்று மாத முற்றுகைக்குப் பின் 503 ஜனவரியில் அமிதாவை (இன்றைய தியார்பக்கிர்) பிடித்துச் சூறையாடினார். அதைத் திரும்ப வாங்க ஆயிரம் ராத்தல் தங்கம் கொடுக்க வேண்டியிருந்தது என்கிறார் புரோகோப்பியுஸ். ஏழு வருடப் போர் நிறுத்தம் 506-இல் வந்தது. அதற்குள்ளேயே எல்லையோரத்தில் தாரா என்ற கிராமத்தைக் கோட்டை நகரமாக்கத் தொடங்கியிருந்தார். வேலையைக் கவனித்தவர் அமிதா ஆயர் தாமஸ். கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பொற்காசின் 24 பங்கில் 4 பங்கு. கழுதையோடு வந்தால் இரட்டிப்பு. காசில் அத்தனை கறாரானவர்தான், ஆனால் கூலியில் கஞ்சத்தனம் இல்லை.

பேட்டை வாத்தியார்: வாரிசை ஏன் நியமிக்கவில்லை?

மூன்று மருமகன்கள் இருந்தார்கள், சகோதர வழியிலும் சகோதரி வழியிலும். ஒரு கதை உண்டு. மூவரையும் விருந்துக்கு அழைத்து, மதியம் தூங்க மூன்று கட்டில் போட்டு, ஒன்றின் தலைமாட்டில் அரச அடையாளத்தை ஒளித்து வைத்தாராம். அதில் படுப்பவன் வாரிசு. ஒருவன் ஒரு கட்டிலில் படுத்தான். மற்ற இருவர் பாசத்தில் இன்னொரு கட்டிலில் சேர்ந்து படுத்துவிட்டார்கள். அடையாளம் இருந்த கட்டில் காலி. பின்னால் யாரோ கட்டியது என்பது தெரிகிறது, ஆனாலும் நல்ல கதை.

518 ஜூலை 8 இரவு, இடி மின்னலோடு புயல் அடித்தபோது இறந்தார். அரியாத்னே 515-இலேயே போய்விட்டார். அரண்மனை அதிகாரி அமந்தியுஸ் தன் ஆளை உட்கார வைக்க, காவற்படைத் தலைவர் ஜஸ்டினிடம் லஞ்சப் பணம் கொடுத்து வீரர்களுக்குப் பங்கிடச் சொன்னார். ஜஸ்டின் பங்கிட்டார், தானே பேரரசரானார். மருமகன் ஹிபாத்தியுஸை 532-இல் தலைநகரில் ஜஸ்டினியனுக்கு எதிராக வெடித்த நிக்கா கலவரத்தில் கூட்டம் பிடித்து இழுத்து முடி சூட்டியது. கலவரம் அடங்கியதும் ஜஸ்டினியன் அவரைக் கொன்று கடலில் போடச் சொன்னார்.

சும்மா ஒரு சந்தேகம்: துருக்கிக்குச் சுற்றுலா போகிறோம். இவர் சம்பந்தமாகப் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

கல்லறை இல்லை. அவரைப் புதைத்த தூய அப்போஸ்தலர் ஆலயம் இருந்த இடத்தில் இப்போது இஸ்தான்புல்லின் ஃபாதிஹ் மசூதி நிற்கிறது. நகரத்துக்கு மேற்கே சுமார் 65 கிலோமீட்டரில், கருங்கடலிலிருந்து மர்மரா கடல்வரை அவர் பெயரால் ஒரு நெடுஞ்சுவர் ஓடியது. வடக்குப் பக்கம் காட்டுக்குள் துண்டு துண்டாக நிற்கிறது. வழி தெரிந்த ஆள் இல்லாமல் போகாதீர்கள். நேரம் இருந்தால் கிழக்கே மார்தின் போய் தாராவைப் பாருங்கள். பாறையில் குடைந்த கல்லறைகள் இருக்கின்றன. பிரம்மாண்டமான நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி ஒன்றும் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதை 'ஸிந்தான்', சிறைச்சாலை, என்று சொல்வார்கள். படி இறங்கும்போது வழுக்கும், நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.