விடியலில் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

லாஸ்பேட்டையில் வீட்டுக்குப் பின்னால் சிறு தோட்டம் வைத்திருக்கிறேன். நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஊருக்கு வெளியே ஐந்து சென்ட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, ஆளுக்கொரு பாத்தியும் பிரித்துக்கொண்டோம். மாசி பிறந்ததும் கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை எல்லாம் குழித்தட்டு நாற்றாக வாங்கி, வீட்டில் ஒரு காலைப்பொழுதில் நட்டேன். மறுநாள் மதியம் எல்லாம் தலை தொங்கிவிட்டன. மூன்று வேளை தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. அடுத்த நாள் முப்பது நாற்றுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். நண்பர்கள் நேற்று குத்தகை நிலத்தில் நட்டவையும் வாடிக்கிடக்கின்றன. வேர் ஊக்கி மருந்து ஏதாவது உண்டா? வளர்பிறையில் நடாததுதான் காரணமா?

ஒரு வாசகர், புதுச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

பிறையை விடுங்கள். மருந்தும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்தது 'பிடுங்கி எறிந்துவிட்டேன்' என்ற வரி. இரண்டே நாளில் ஒரு நாற்றைப் பிடுங்க எப்படி மனம் வந்தது? உச்சிவெயிலில் பார்த்துவிட்டு அது செத்துப்போனதாக முடிவு செய்தீர்கள்.

நாற்றை இடம் மாற்றும்போது முதலில் அறுபடுபவை வேர்த்தூவிகள். மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சுபவை அவைதான். இலையோ வெயிலில் நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. வரவு குறைந்து செலவு மட்டும் தொடர்ந்தால் தலை தொங்கத்தான் செய்யும். இரவில் அந்தச் செலவு அடங்கும். தண்டு மெல்ல நிமிரும். ஆகவே நாற்றின் உயிரை விடியலில்தான் பார்க்கவேண்டும். வெயில் ஏறுமுன் இலை நிமிர்ந்திருந்தால் அதற்கு உயிர் இருக்கிறது, மதியம் எப்படிக் கிடந்தாலும். விடியலிலும் தொங்கி, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து மெலிந்திருந்தால் மட்டும் பிடுங்குங்கள். வாடலைக் கண்டு பயந்து மூன்று வேளையும் ஊற்றினீர்களே, அந்தத் தண்ணீர் வேருக்குக் காற்றில்லாமல் செய்துவிடும். நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், பிறகு மண் காய்வதைப் பார்த்து. உயிர்த் தண்ணீர் என்ற பெயரை நம் உழவர்கள் சும்மா வைக்கவில்லை.

கடலூரில் கெடிலத்தின் கரையோரம் எங்கள் ஆயா வீடு. அவர் பொழுது சாய்ந்த பிறகுதான் நாற்றைக் கையில் எடுப்பார். 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்கள் தோட்டத்துக்கு நிழல் தந்த மாமரமும் இரண்டு தென்னைகளும் போய்விட்டன. வீட்டில் யாரும் யாரோடும் அதிகம் பேசாத நாள்கள் அவை. அந்தத் தையில் ஆயா கத்தரி நட்டார். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் தந்த பாலூர் 1 ரகம். நிழலே இல்லாத வெட்டவெளி. மறுநாள் மதியம் எல்லாம் நனைந்த துணிபோலத் தரையில் கிடந்தன. நானும் பிடுங்கத்தான் குனிந்தேன். ஆயா என் கையைத் தட்டிவிட்டார். விழுந்த தென்னையின் மட்டைகளிலிருந்து காய்ந்த கீற்றுகளை முறித்து, ஒவ்வொரு நாற்றுக்கும் மேற்குப் பக்கமாகச் சாய்த்து ஊன்றினார். காலையில் வந்து பார் என்றார், அவ்வளவுதான். இருள் பிரியும்போது போனேன். அவர் எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்து, புறங்கையால் ஒவ்வொரு இலையாகத் தொட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டில் முப்பத்தொன்பது நிமிர்ந்து நின்றன. பங்குனிக் கடைசியில் முதல் காய் பறித்தோம்.

உங்கள் நாற்றின் வயதை நீங்கள் எழுதவில்லை. தக்காளியை 25 நாளிலும், கத்தரியை 30 முதல் 35 நாளிலும், மிளகாயை 40 நாளுக்குள்ளும் நட்டுவிட வேண்டும். குழித்தட்டிலேயே முற்றி, வேர் சுருண்டுபோனதை வாங்காதீர்கள். மாலை 4 மணிக்கு மேல் நடுங்கள். காலையில் நட்டு அன்றைய வெயில் முழுவதையும் அதன் தலையில் ஏற்றாதீர்கள். வெண்டையை ஏன் நாற்றாக வாங்கினீர்கள்? அதன் ஆணிவேர் இடமாற்றத்தைத் தாங்காது. விதையாகவே ஊன்றுங்கள்.

நண்பர்களின் பாத்திகளில் வாடிக்கிடப்பவற்றையும் பிடுங்கச் சொல்லிவிடுவீர்களோ என்று பயந்துதான் கடிதம் கிடைத்த அன்றே இதை எழுதுகிறேன். இன்று மாலைக்குள் கீற்றோ பனையோலையோ கொண்டுபோய் மறைப்பு வையுங்கள். நாளை விடியும் முன் அங்கே இருங்கள்.