கசகசா முதல் டேபண்டடால் வரை: சிறுநீரில் ஓபியாய்டு பரிசோதனை

ஓபியாய்டு எனப்படும், மார்ஃபின் போன்ற வலி மாத்திரைகளுக்கான சிறுநீர்ப் பரிசோதனை பற்றி வந்த கேள்விகளில் அடிக்கடி வருகிறவற்றை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சொற்களை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம். 'ஸ்கிரீனிங்' என்பது அனலைசரோ கிட்டோ செய்யும் முதல்கட்டச் சோதனை. 'உறுதிச் சோதனை' என்பது மூலக்கூறுகளை எடையால் அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (சுருக்கமாக மாஸ் ஸ்பெக்) செய்யும் இரண்டாம் கட்டம். முதல் கட்டத்து ரிப்போர்ட்டையே கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

கேள்வி: அடுத்த மாதம் துபாயில் வேலைக்குச் சேரவேண்டும். மெடிக்கலில் போதைப்பொருளுக்கும் சிறுநீர் பார்ப்பார்கள் என்கிறார்கள். எங்கள் வீட்டில் குருமாவுக்குக் கசகசா அரைத்துத்தான் ஊற்றுவார்கள். மாட்டிக்கொள்வேனா?

குருமா சாப்பிட்டுப் பாசிட்டிவ் வருவது அரிது. நடக்கவே நடக்காது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

கசகசா அபினிச் செடியின் விதை. விதைக்குள்ளே மார்ஃபின் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அந்தக் காயில் ஊறும் பால் அறுவடையின்போது விதையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. மார்ஃபினும் கோடீனும் அந்தப் பாலில் இருப்பவை. எவ்வளவு ஒட்டியிருக்கும் என்பது செடியின் ரகம், விளைந்த இடம், விதையைக் கழுவிய விதம் எல்லாவற்றையும் பொறுத்தது. பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும். தண்ணீரில் அலசி, வறுத்து, கொதிக்கவிட்டால் கணிசமான பங்கு போய்விடும். குருமாவில் குடும்பம் முழுவதற்குமே ஒன்றிரண்டு ஸ்பூன்தான் போடுகிறோம். கசகசா பாயசம் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அதில் ஆளுக்கு விழும் அளவே அதிகம்.

இது நம் ஊர்க் கவலை மட்டுமல்ல. அமெரிக்காவில் அரசு வேலைத்தலப் பரிசோதனைகளில் மார்ஃபின் வகைக்கான வரம்பு ஒரு மி.லி.க்கு 300 நானோகிராமாக இருந்தது. கசகசா தூவிய பன் தின்றவர்களெல்லாம் பாசிட்டிவ் ஆகிறார்கள் என்பதால் 1998இல் அதை 2000 ஆக உயர்த்தினார்கள். அப்புறமும் பிரச்சினை தீரவில்லை. 2023 பிப்ரவரியில் அந்த நாட்டுப் பாதுகாப்புத் துறை, சில ரகக் கசகசாவில் எதிர்பார்த்ததைவிடக் கோடீன் அதிகம் இருக்கலாம், எனவே படைவீரர்கள் கசகசாவையே தவிர்த்துவிடுங்கள் என்று அறிவித்தது. மருத்துவமனை லேப்கள் பலவற்றில் இன்றும் பழைய 300 வரம்புதான். ஆகவே "பாசிட்டிவ்" என்றால் எந்த வரம்பில் என்று கேட்பது நியாயமான கேள்வி.

ஸ்கிரீனிங் பாசிட்டிவ் ஆனாலும் உறுதிச் சோதனையில் வழி உண்டு. ஹெராயின் எடுத்தவர் சிறுநீரில் 6-அசிட்டைல்மார்ஃபின் என்ற பொருள் வரும். கசகசாவிலிருந்து அது வரவே வராது. ஆனால் அது ஒரு நாளுக்குள் மறைந்துவிடக் கூடியது, அதனால் அது இல்லை என்பதை மட்டும் வைத்துக் கசகசாதான் என்று சாதிக்க முடியாது. அபினிச் செடியிலேயே இருக்கும் தீபெய்ன் என்ற பொருள் தென்பட்டால் உணவு வழியாக வந்திருக்கலாம் என்ற வாதம் வலுப்படும்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது: பரிசோதனைக்கு முன் மூன்று நாள் கசகசா வேண்டாம், சாப்பிடும் மருந்துகளின் சீட்டைக் கையில் வைத்திருங்கள். இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் கசகசாவைக் கொண்டுபோவதே குற்றம். அம்மா ஆசையாகக் கட்டிக் கொடுத்தாலும் கசகசா பாக்கெட்டையோ கசகசா கலந்த மசாலாவையோ பெட்டியில் வைக்காதீர்கள். சிறுநீரில் இருக்கும் மார்ஃபினைவிடப் பெட்டியில் இருக்கும் கசகசாதான் உங்களுக்குப் பெரிய ஆபத்து.

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய் வலிக்கு ஃபென்டனில் பேட்ச் ஒட்டுகிறோம், இடையில் டிரமடாலும் தருகிறோம். வேறொரு மருத்துவமனையில் 'ஓபியேட்' சோதனை செய்து நெகட்டிவ் என்று சொல்லி, மருந்தை ஒழுங்காகத் தருகிறீர்களா என்று எங்களையே சந்தேகிக்கிறார்கள்.

சந்தேகப்பட வேண்டியது நீங்கள் தரும் மருந்தையல்ல, அவர்கள் கேட்ட சோதனையை. ஓபியேட் என்பது மார்ஃபின், கோடீன் போல அபினியிலிருந்து வரும் வகை மட்டும். 'ஓபியேட்' ஸ்கிரீனிங்கில் இருக்கும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட வடிவத்தைப் பிடிக்கும் புரதம்) மார்ஃபினின் வடிவத்தைப் பிடிக்கத் தயாரிக்கப்பட்டது. மார்ஃபின், கோடீன் இரண்டும் அதில் நன்றாகச் சிக்கும். ஆக்ஸிகோடோன் அரைகுறையாகத்தான் சிக்கும். ஃபென்டனில், டிரமடால், மெத்தடோன், புப்ரெனார்ஃபின், டேபண்டடால் ஆகியவற்றின் மூலக்கூறு வடிவமே வேறு, அவை அந்த ஆன்டிபாடியின் கண்ணிலேயே படாது. வாசலில் நிற்கும் காவலாளி சட்டையின் நிறத்தை மட்டும் பார்த்து ஆளை உள்ளே விடுவது போன்ற வேலை இது.

ஃபென்டனிலுக்குத் தனிச் சோதனை வேண்டும். உறுதிச் சோதனையில் ஃபென்டனிலோடு நார்ஃபென்டனிலையும் சேர்த்துக் கேளுங்கள். உடல் மருந்தை உருமாற்றி வெளியேற்றும் பொருளை மெட்டபொலைட் என்கிறோம். ஃபென்டனிலுக்கு அது நார்ஃபென்டனில், டிரமடாலுக்கு ஓ-டெஸ்மெத்தில் டிரமடால். இவை இருந்தால் மருந்து உடலுக்குள் போய் வந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை லேப் படிவத்தில் மருந்தின் பெயரையே எழுதச் சொல்லுங்கள். "ஓபியாய்டு" என்று பொதுவாக எழுதினால் லேப் தன்னிடம் இருப்பதைச் செய்துவிட்டு அனுப்பிவிடும்.

கேள்வி: டாக்டர் எழுதிக் கொடுத்த கோடீன் இருமல் சிரப்தான் குடித்தேன். ரிப்போர்ட்டில் மார்ஃபினும் இருக்கிறது. எப்படி?

கல்லீரல் செய்த வேலை. கோடீனில் ஒரு சிறு பகுதியை, பொதுவாகப் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ, சிப் 2டி6 என்ற நொதி மார்ஃபினாக மாற்றுகிறது. வலி குறைவதற்கே அதுதான் காரணம். இந்த நொதி ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு வேலையே செய்யாது. சிலருக்கு அளவுக்கு மீறி வேலை செய்து மார்ஃபினைக் குவித்துவிடும். குழந்தைகள் சிலருக்கு இதனால் மூச்சு அடங்கி உயிருக்கே ஆபத்தானது. அதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கோடீனும் டிரமடாலும் கூடாது என்றது.

சிரப் குடித்த முதல் நாள் கோடீன் அதிகமாகவும் மார்ஃபின் குறைவாகவும் இருக்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் இது தலைகீழாகலாம், கடைசியில் மார்ஃபின் மட்டுமே மிஞ்சலாம். தாமதமாக எடுத்த ஒரு சாம்பிளை வைத்து "நீ கோடீன் குடிக்கவில்லை, மார்ஃபின் போட்டிருக்கிறாய்" என்று சொல்ல முடியாது. இதே போல, நீண்ட நாளாக மார்ஃபின் மாத்திரை சாப்பிடும் நோயாளியின் சிறுநீரில் ஹைட்ரோமார்ஃபோன் கொஞ்சம் தெரியும். அவர் வேறு மருந்து எடுத்ததாக ஆகாது.

கேள்வி: நான் லேப் டெக்னீஷியன். அனலைசரில் ஓபியேட் நல்ல பாசிட்டிவ், கன்ட்ரோல் (விடை முன்பே தெரிந்த சாம்பிள்) எல்லாம் பாஸ். மாஸ் ஸ்பெக்கில் மார்ஃபின் நெகட்டிவ். எதை நம்புவது?

எனக்குப் பிடித்த கேள்வி. உடனே மாஸ் ஸ்பெக் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள்.

முதலில் அனலைசர் என்ன செய்கிறது என்று பாருங்கள். பரவலாக உள்ள முறையில், மருந்து ஒட்டிய ஒரு நொதியும் ஆன்டிபாடியும் ரீஏஜென்டில் இருக்கும். ஆன்டிபாடி நொதியைப் பிடித்துக்கொண்டால் நொதி முடங்கும். சிறுநீரில் மருந்து இருந்தால் ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொள்ளும், நொதி தப்பித்து வேலை செய்யும், 340 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சுதல் ஏறும். அந்த ஏற்றத்தைத்தான் மெஷின் அளக்கிறது. எந்தப் பொருள் ஆன்டிபாடியைப் பிடித்தது என்று அதற்குத் தெரியாது.

இப்போது சிறுநீரில் என்ன இருக்கிறது? மார்ஃபினின் பெரும்பகுதி குளுக்குரோனைடாக, அதாவது ஒரு சர்க்கரை அமிலத்தோடு பிணைந்துதான் வெளியேறுகிறது. பல கிட்களின் ஆன்டிபாடி அந்தப் பிணைந்த வடிவத்தையும் நன்றாகவே பிடிக்கும். மாஸ் ஸ்பெக்கில் நீங்கள் தேடுவதோ தனி மார்ஃபினை. பீட்டா-குளுக்குரோனிடேஸ் என்ற நொதியைப் போட்டுப் பிணைப்பை உடைக்கும் படியில் நொதி வீரியம் இழந்திருந்தாலோ, பஃபரின் பி.எச். தவறியிருந்தாலோ, இன்குபேஷன் நேரம் குறைந்திருந்தாலோ தனி மார்ஃபின் வரம்புக்குக் கீழே போய்விடும். உங்கள் கன்ட்ரோலில் இருப்பது தனி மார்ஃபின் என்றால், நொதி செத்துக் கிடந்தாலும் அது பாஸ் ஆகும்! ஒவ்வொரு சாம்பிள் தொகுதியிலும் மார்ஃபின்-3-குளுக்குரோனைடு போட்ட கன்ட்ரோல் ஒன்றை ஓட்டுங்கள். இந்த ஒரு குப்பியைச் சேர்க்காமல் சிக்கனம் பார்க்கும் லேப்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

அது சரியாக இருந்தால் அடுத்து கேரி-ஓவர். அன்றைய ரன் லிஸ்ட்டை எடுத்து, உங்கள் சாம்பிளுக்கு முன்னால் ஓடியது எது என்று பாருங்கள். முந்தையது வரம்பைவிடப் பல மடங்கு உச்சத்தில் இருந்தால், சாம்பிள் புரோப் ஒரு துளியின் மிச்சத்தைச் சுமந்து வந்திருக்கலாம். மூலச் சாம்பிளிலிருந்து புதிதாக ஒரு பங்கை (அலிகாட்) எடுத்து, முன்னால் ஒரு வெற்றுச் சாம்பிள் வைத்துத் திரும்ப ஓட்டுங்கள். பழைய கப்பிலிருந்தே எடுத்து ஓட்டினால் பயனில்லை, கலந்தது அந்தக் கப்பில்தான்.

மூன்றாவதாக, எடையை மட்டும் நம்ப வேண்டாம். மார்ஃபின், ஹைட்ரோமார்ஃபோன், நார்கோடீன், நார்ஹைட்ரோகோடோன் நான்கும் மாஸ் ஸ்பெக்கில் 286 என்ற ஒரே எண்ணில்தான் வரும். கோடீனும் ஹைட்ரோகோடோனும் 300. டிரமடாலின் இரண்டு டெஸ்மெத்தில் மெட்டபொலைட்களும் 250. மாஸ் ஸ்பெக்குக்கு முன்னால் இருக்கும் பிரிப்புக் குழாய் (column) இவற்றை வெளிவரும் நேரத்தால் பிரித்தால்தான் உண்டு. அந்தக் குழாய் பழசாகி மார்ஃபின் பீக் அரை நிமிடம் நகர்ந்து, மென்பொருள் தேடும் நேர விண்டோவுக்கு வெளியே போயிருந்தால், மெஷின் நல்ல பிள்ளையாக "கண்டறியப்படவில்லை" என்று அச்சடித்துவிடும். குரோமட்டோகிராமைக் கண்ணால் பாருங்கள். டியூட்டீரியம் ஏற்றிய இன்டர்னல் ஸ்டாண்டர்டும் கூடவே நகர்ந்திருக்கிறதா, இரண்டு அயன்களின் விகிதம் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

இத்தனையும் சரி, கோடீன் போன்ற மற்ற ஓபியேட்டும் இல்லை என்றால், அப்போது அனலைசர் ஏமாந்திருக்கிறது என்று எழுதலாம்.

கேள்வி: டிபி மருந்து சாப்பிடுகிறேன். அதனால் தவறான பாசிட்டிவ் வருமா?

சில வகைக் கிட்களில் ரிஃபாம்பிசின் அப்படிச் செய்வது தெரிந்த விஷயம். லீவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும் ஓபியேட் ஸ்கிரீனிங்கைக் குழப்பும். மருந்துப் பட்டியலை முன்கூட்டியே கொடுங்கள், உறுதிச் சோதனை கேளுங்கள். இதற்காக டிபி மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்.

கேள்வி: மறுவாழ்வு மையம் நடத்துகிறோம். ஒருவர் சிறுநீரில் புப்ரெனார்ஃபின் எக்கச்சக்கமாக இருக்கிறது, நார்புப்ரெனார்ஃபின் மட்டும் இல்லவே இல்லை. ஏன்?

புப்ரெனார்ஃபின் போதை மீட்புக்குத் தரும் ஓபியாய்டு, நார்புப்ரெனார்ஃபின் அதன் மெட்டபொலைட். மாத்திரை அவர் நாக்குக்கு அடியில் போகாமல் சிறுநீர்க் கப்புக்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம். தினமும் எடுப்பவருக்குப் புப்ரெனார்ஃபினை விட நார்புப்ரெனார்ஃபின்தான் பொதுவாக அதிகமாக இருக்கும். மாத்திரையைக் கொஞ்சம் சுரண்டிப் போட்டால் மூல மருந்து மட்டும் ஆயிரக்கணக்கில் ஏறும், உடல் செய்யும் மெட்டபொலைட் வராது. மாத்திரையில் நலக்சோனும் (ஓபியாய்டு முறிவு மருந்து) இருந்தால் அதுவும் அசாதாரணமாக உயர்ந்திருக்கும். ஒரு விதிவிலக்கு, முதல் டோஸ் எடுத்துச் சில மணி நேரமே ஆனவர். அவருக்கு மெட்டபொலைட் இன்னும் சேர்ந்திருக்காது.

ஆனால் ரிப்போர்ட்டைக் காட்டி அவரை வெளியே அனுப்பிவிடாதீர்கள். மாத்திரையை விற்கிறாரா, வீட்டில் யாராவது பிடுங்கிக்கொள்கிறார்களா, அல்லது மறுபடி ஹெராயினுக்குப் போய்விட்டாரா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. சில நாட்களுக்கு உங்கள் முன்னிலையிலேயே மாத்திரை கரையட்டும், பிறகு மறுபடி பாருங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகனின் பையில் டேபண்டடால் அட்டை கிடந்தது. ஆன்லைனில் கிட் வாங்கிப் பார்த்தேன், நெகட்டிவ். நிம்மதியாக இருக்கலாமா?

இல்லை அம்மா. அந்தக் கிட்டில் டேபண்டடாலுக்கென்று தனிப் பட்டை இருந்தால் ஒழிய அதன் நெகட்டிவுக்கு மதிப்பில்லை. சாதாரண ஐந்து அல்லது ஆறு பட்டைக் கிட்டில் அது இருக்காது. டேபண்டடாலும் பெரும்பாலும் குளுக்குரோனைடாகத்தான் வெளியேறும், எனவே அதைப் பெயர் சொல்லித் தேடும் மாஸ் ஸ்பெக் சோதனைதான் வேண்டும். ஆனால் என் யோசனை வேறு. அட்டை கையில் இருக்கும்போது சிறுநீர் எதற்கு? மகனுக்குத் தெரியாமல் சாம்பிள் எடுக்க முயன்றால் அவன் பேசுவதையே நிறுத்திவிடுவான். நேரடியாகக் கேளுங்கள். மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போடும் பழக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது. கையில் தழும்பு இருந்தால் மனநல மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள், ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. சோதனையும் செய்துவிடுங்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணமில்லை.

கேள்வி: நிறையத் தண்ணீர் குடித்தால் நெகட்டிவ் ஆகிவிடும் என்கிறார்களே?

லேப்களுக்கும் அது தெரியும். கிரியேட்டினின் (சிறுநீரில் இயல்பாகவே வரும் உடல் கழிவு) ஒரு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே, ஒப்படர்த்தியும் (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) குறைவு என்றால் "நீர்த்த சாம்பிள்" என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். 2க்குக் கீழே போனால் அது மனிதச் சிறுநீரே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கப்பைக் கொடுத்த நான்கு நிமிடத்துக்குள் சூடும் பார்ப்பார்கள், 32 முதல் 38 டிகிரி இருக்க வேண்டும்.

கேள்வி: என் மார்ஃபின் அளவு 12,000 என்று வந்திருக்கிறது. டோஸ் அதிகமாகிவிட்டதா?

இந்த எண்ணிலிருந்து டோஸைக் கணக்கிட முடியாது. காலையில் எடுத்த அடர்த்தியான சிறுநீரில் 12,000 வந்த அதே ஆளுக்கு, இரண்டு செம்பு தண்ணீர் குடித்த மதியத்தில் 3,000 வரலாம். சிறுநீரகம், வயது, கடைசி மாத்திரை போட்ட நேரம் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணை ஆட்டும். தூக்கக் கலக்கம், மூச்சு மெதுவாவது, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குவது இருந்தால் அவைதான் அதிக டோஸின் அடையாளம். அப்படி இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.