பன்னிரண்டு சட்டங்கள் இருந்தும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் 1783 முதல் 1786க்குள் பதின்மூன்று மாநிலங்களில் டெலவேர் தவிர மற்ற பன்னிரண்டும் பதிப்புரிமைச் சட்டம் இயற்றிவிட்டன என்று படித்தேன். அப்படியானால் டெலவேர் தவிர எல்லா இடத்திலும் எழுத்தாளருக்குப் பாதுகாப்பு இருந்ததுதானே? பிறகு 1790இல் மத்திய அரசு ஏன் தனியாக ஒரு சட்டம் போட்டது?

ரா.

அன்புள்ள ரா.,

சட்டம் நிறைவேறியது பன்னிரண்டில். அமலுக்கு வந்தது பத்தில்தான். மேரிலாந்தும் பென்சில்வேனியாவும் ஒரு நிபந்தனை வைத்தன: மற்ற எல்லா மாநிலங்களும் இதேபோல் இயற்றிய பிறகே எங்கள் சட்டம் செல்லும். டெலவேர் கடைசிவரை இயற்றவில்லை. விளைவு, பென்சில்வேனியாவில் அச்சகங்கள் நிறைந்த பிலடெல்பியா நகரிலேயே பதிப்புரிமை ஏட்டளவில் நின்றுவிட்டது. எழுத்தாளர்களுக்கு டெலவேரால் வந்ததைவிட இதனால் வந்த நஷ்டம்தான் பெரிது.

மீதிப் பத்திலும் ஊருக்கு ஒரு விதி. முதலில் சட்டம் போட்ட கனெக்டிகட் 14 ஆண்டு கொடுத்தது. அது முடியும்போது ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14. மாசசூசெட்ஸில் ஒரே தவணையாக 21, நியூ ஹாம்ப்ஷயரில் 20. கனெக்டிகட்டில் நூலின் தலைப்பை மாநிலச் செயலாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். மாசசூசெட்ஸிலோ ஹார்வர்டு நூலகத்துக்கு இரண்டு பிரதி கொடுத்து ரசீது வாங்க வேண்டும். திருட்டுப் பதிப்பின்மேல் வழக்குப் போட்டவர் அந்த ரசீதைக் காட்டாவிட்டால் வழக்கு தள்ளுபடி. இத்தனையும் செய்து வாங்கிய உரிமை மாநில எல்லையோடு சரி. பக்கத்து மாநிலத்தில் அச்சடித்து அங்கேயே விற்பவரை ஒன்றும் செய்ய முடியாது. பின்னாளில் அகராதியால் புகழ்பெற்ற நோவா வெப்ஸ்டர் தன் எழுத்துக்கூட்டுப் பாடநூலுக்காக மாநிலம் மாநிலமாக அலைந்தது இதனால்தான்.

1790 மே 31இல் வந்த மத்திய சட்டம் நாடு முழுதுக்கும் 14 கூட்டல் 14 என்று வைத்தது. வெளியிடும் முன் மாவட்ட நீதிமன்ற எழுத்தரிடம் 60 சென்ட் கட்டித் தலைப்பைப் பதிய வேண்டும். இரண்டு மாதத்துக்குள் பத்திரிகையில் நான்கு வாரம் அறிவிப்பு. ஆறு மாதத்துக்குள் வெளியுறவுச் செயலாளருக்கு ஒரு பிரதி. ஒரு முறை செய்தால் போதும்.

ஆனால் கனெக்டிகட் சட்டத்தில் இருந்த ஒரு நல்ல பிரிவு இதில் விடுபட்டது. ஆசிரியர் போதுமான பிரதி அச்சிடாவிட்டாலோ, அநியாய விலை வைத்தாலோ, வாசகர் நீதிமன்றம் போகலாம். உத்தரவுக்கும் ஆசிரியர் பணியாவிட்டால் புகார் செய்தவரே அச்சிட அனுமதி கிடைக்கும். வாசகருக்கும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்ட பிரிவு அது. அதைக் கைவிட்டிருக்கவே கூடாது என்பது என் எண்ணம்.